நடிகரின் முகப்படம்: எந்த அச்சு, எந்தத் தாள்?

சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ உள்ள ஒரு படக் கம்பெனி அலுவலகத்தில் வாய்ப்புக் கேட்டு வருபவர் தம் ஆல்பத்தை மேசைமீது வைத்ததும், எதிரில் இருக்கும் உதவி இயக்குநர் முதலில் படத்தைப் பார்ப்பார். உடனே தலையை நிமிர்த்தி, அதைக் கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போனால் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். ஒத்துப்போகாவிட்டாலும் புரட்டுவார், ஆனால் அது மரியாதைக்காக. அந்த மேசையின் உள்பக்கத்தில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நல்ல புகைப்படக் கலைஞரைத் தேடிப் பிடித்து, ஒப்பனை, உடை, ஸ்டுடியோ வாடகை என்று கையிருப்பைக் கரைத்துப் படம் எடுப்பவர்கள், கடைசியில் அந்தக் கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டு, பக்கத்தில் எந்தக் கடை திறந்திருக்கிறதோ அங்கே கொடுத்து அச்சிட்டுவிடுகிறார்கள். படம் எடுத்தவரின் உழைப்பில் பாதி அந்தக் கடையிலேயே போய்விடுகிறது.

எல்லாம் வாட்ஸ்அப்பில் போகும் காலத்தில் அச்சுப் படம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. முதல் அறிமுகம் பெரும்பாலும் கைப்பேசி வழியாகத்தான் நடக்கிறது. ஆனாலும் அச்சுக்கு மூன்று இடங்கள் மிச்சமிருக்கின்றன. நேரில் செல்லும்போது கையில் கொண்டுபோகும் பெரிய படம் ஒன்று. அது காட்டப்பட்டுத் திரும்பி வரும். அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வரும் சிறிய படம் இன்னொன்று; அது ஏதாவது ஒரு கோப்பிலோ மேசை இழுப்பறையிலோ போய்ச் சேரும். மூன்றாவது, நடிகருக்குத் தெரியாமலே நடப்பது: வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அலுவலகத்தார் தங்கள் பிரிண்டரிலேயே வெறும் ஏ4 தாளில் எடுத்து, கதாபாத்திரங்களின் பெயர் எழுதிய பலகையில் ஒட்டிவைப்பது. இந்த மூன்றுக்கும் ஒரே அச்சுமுறை பொருந்தாது. எந்த இடத்துக்கு என்று சொல்லாமல் எது சிறந்தது என்று மட்டும் கேட்டால், கடைக்காரர் தம்மிடம் எந்த இயந்திரம் இருக்கிறதோ அதைத்தான் சிறந்தது என்பார்.

காட்டுவதற்கான பெரிய படத்துக்கு என் தேர்வு, கலர் லேப்களில் லேசர் ஒளியால் பதித்து ரசாயனத்தில் கழுவி எடுக்கும் முறை. இந்த வேலையைக் கடையளவிலேயே செய்துமுடிக்கும் இயந்திரத்துக்கு மினிலேப் என்று பெயர். ஃபுஜி நிறுவனத்தின் ஃபிரான்டியர் மினிலேப் 1996-இல் வந்தது. நோரிட்சு இயந்திரங்களும் ஏறக்குறைய இதே வழியில் இயங்குபவை. சிவப்பு, பச்சை, நீலக் கதிர்கள் ஒளியுணர் தாளின்மீது கோடு கோடாக ஓடிப் படத்தைப் பதிக்கின்றன. பிறகு தாள் டெவலப்பர், பிளீச்-ஃபிக்ஸ், கழுவுநீர் என்று தொட்டிகளை வரிசையாகக் கடந்து, உலர்ந்து வெளியே வருகிறது. இதில் நிறத்தைத் தாளின் மேல் தெளிப்பதில்லை. தாளின் ஜெலட்டின் அடுக்குகளுக்குள்ளேயே நிறம் உருவாகிறது. ஆகவே புள்ளிகள் கிடையாது. கன்னத்தில் வெளிச்சம் விழும் இடத்திலிருந்து தாடையின் நிழல்வரை நிறம் இறங்கும்போது எங்கும் படிக்கட்டுத் தெரியாது. கேபினட் சைஸ் கறுப்பு வெள்ளைப் படங்களோடு கோடம்பாக்கத்தில் ஏறி இறங்கிய தலைமுறை கையில் வைத்திருந்த புரோமைடு தாளின் வாரிசுதான் இது. அந்தத் தாளை ஊட்டியில் இருந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையே 'இந்து' என்ற பெயரில் செய்துவந்தது என்பது, இன்று லேப்பில் வேலை பார்க்கும் இளைஞர்கள் பலருக்குத் தெரியாது.

இந்த முறையின் பலவீனம் இயந்திரத்தை இயக்குபவரின் விரலில் இருக்கிறது. மினிலேப்பில் அடர்த்தி, சயான் (பச்சைநீலம்), மெஜன்டா (ஊதாச்சிவப்பு), மஞ்சள் என்று நான்கு திருத்த விசைகள் உண்டு. நாள் முழுவதும் கல்யாணப் படங்களும் காதுகுத்துப் படங்களும் ஓடும் இடத்தில், ஒவ்வொரு முகத்தையும் அடர்த்தி விசையில் ஓரிரண்டு படி குறைத்து வெளுப்பாக்குவது கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. வெளுப்பாகக் கொடுத்தால் எந்த வாடிக்கையாளரும் சண்டைக்கு வருவதில்லை என்பது அவர்களுடைய அனுபவம்.

ஒரு முறை, கிராமத்துத் தகப்பன் வேடம் ஒன்றுக்காக, நாடக நடிகர் ஒருவரின் படத்தை இயக்குநரிடம் காட்ட வேண்டியிருந்தது. நகரின் ஒரு லேப்பில் கொடுத்து 8×12 அங்குல அளவில் எடுத்தேன். கோப்பில் கருங்காலிக் கட்டைபோல மின்னிய நெற்றி, அச்சில் மாநிறமாக வந்திருந்தது. அடர்த்தியைக் குறைத்த வேகத்தில் வெள்ளைச் சட்டையின் நெசவு மறைந்து, கழுத்துக்குக் கீழே வெற்றுத்தாள் போலாகிவிட்டது. காதோரத்து நரை அதனோடு கலந்து காணாமல் போயிருந்தது. கேட்டதற்கு, "முகம் டல்லா இருந்துச்சு சார், கொஞ்சம் தூக்கிவிட்டேன்" என்றார் இயக்கியவர். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் இயக்குநருக்கு வேண்டியிருந்தது அந்தக் கறுப்பும் அந்த நரையும்தான். திருத்தம் எதுவும் போடாமல் மறுபடி எடுத்த படத்தில் இரண்டும் அப்படியே வந்தன. அதற்குப் பிறகு, ஆர்டர் சீட்டில் "கரெக்‌ஷன் வேண்டாம்" என்று எழுதச் சொல்லி, எழுதி முடிக்கும்வரை நின்று பார்ப்பது என் வழக்கம். நடிகர்கள் இதில் லேப்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. ரீடச்சிங்கின்போதே இரண்டு படி வெளுக்கச் சொல்லிவிட்டு வருபவர்களும் உண்டு. அவர்களுக்கு எந்தத் தாளும் உதவாது.

லேப்புக்குக் கொடுக்கும் கோப்பு எஸ்ஆர்ஜிபி (sRGB) வண்ணவெளியில், அதாவது கோப்பின் நிற எண்களைப் படிக்கும் பொதுவான முறையில், இருக்க வேண்டும் என்பதையும் படம் எடுத்தவரிடம் சொல்லி உறுதி செய்துகொள்ள வேண்டும். அதைவிட விரிந்த வண்ணவெளியான அடோபி ஆர்ஜிபியில் (Adobe RGB) உள்ள கோப்பை இயந்திரம் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொண்டால், சருமத்தின் சிவப்பும் மஞ்சளும் வடிந்து, பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்போல முகம் வரும். அந்தப் பிழைக்கு லேப்பில் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

மையை நுண்துளிகளாகத் தாளின்மேல் தெளிக்கும் இங்க்ஜெட் முறையை ஒன்றாக வைத்துப் பேசுவது சரியில்லை, ஏனெனில் அதில் நேரெதிரான இரண்டு உண்டு. முதலாவது, வீட்டிலோ சிறு ஸ்டுடியோவிலோ வைத்திருக்கும் எப்சன் எல்8050 போன்ற ஆறு நிற மைத்தொட்டிப் பிரிண்டர். வழக்கமான நான்கு மைகளோடு வெளிர் சயான், வெளிர் மெஜன்டா என்ற இரண்டு இதில் கூடுதலாக இருக்கின்றன. அந்த இரண்டும் இல்லாத அலுவலகப் பிரிண்டரில், மூக்குத்தண்டிலும் கன்ன எலும்பின்மேலும் வெளிச்சம் பட்ட இடங்களில், மணலைத் தூவியதுபோல அடர்மெஜன்டாப் புள்ளிகள் தெரியும். ஆறு நிறத்தில் அந்தப் பிரச்சினை பெரிதும் அடங்கிவிடுகிறது. நிறம் முழுவதும் நம் கையில் இருப்பதும், நாளைக் காலை ஆடிஷன் என்று இரவு பத்து மணிக்குத் தகவல் வந்தால் அப்போதே ஒரு பிரதி எடுத்துக்கொள்ள முடிவதும் இதன் உண்மையான லாபங்கள்.

ஆனால் மை, தாள், அந்தத் தாளுக்குரிய வண்ண அமைப்பு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் இந்த லாபம் கிடைக்கும். பிரிண்டரை நல்லதாக வாங்கிவிட்டு, ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் பெயரில்லாத கிளாஸி தாளையும் லிட்டர் கணக்கில் வரும் மாற்று மையையும் போட்டு ஓட்டுபவர்கள், முகம் பச்சையடிக்கிறது என்று பிரிண்டரைக் குறை சொல்கிறார்கள். இந்த வகைப் பிரிண்டரின் மை, கரைந்த சாயத்தால் ஆனது என்பதால் வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும் அதை வெளிறச் செய்யும். மட்டமான தாளில் வியர்த்த விரல் பட்டாலே இழுபடும். எடுத்த கையோடு ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறைக்குள் நுழைத்தால் உள்ளே ஈரம் தங்கிப் படம் மங்கலாகிவிடும். ஒரு நாளாவது காற்றாட விட வேண்டும்.

இங்க்ஜெட்டின் மறுமுனை, கரையாத நிறத்துகள்கள் கொண்ட நிறமி மையில் ஹானமியூலே போட்டோ ராக் போன்ற பருத்தித் தாள்களில் எடுக்கும் நுண்கலை அச்சு. பார்க்க மிக அழகானது; சரியாகப் பாதுகாத்தால் நெடுங்காலம் நிற்கும்; ஒரு படத்துக்கு ஆகும் செலவு லேப் படத்தைவிடப் பத்து மடங்குகூட ஆகலாம். அதன் மேற்பரப்போ மாவுபோல மென்மையானது, நகம் பட்டாலே தழும்பு விழும். கண்காட்சிச் சுவருக்கு உரிய இதை நாலு பேர் கையில் மாறும் படத்துக்குப் பயன்படுத்துவது, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நாற்று நடப் போவதைப் போன்றது. யார் சொன்னாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கல்யாண மண்டப வாசலில் உடனுக்குடன் படம் தரும் சிறு இயந்திரங்களின் முறை டை-சப்லிமேஷன். மஞ்சள், மெஜன்டா, சயான் நாடாக்களைச் சூடாக்கி நிறத்தைத் தாளுக்குள் ஏற்றி, கடைசியாக மேலே ஒரு பாதுகாப்புப் படலத்தையும் ஒட்டிவிடுகிறது. புள்ளி கிடையாது, வெளியே வரும்போதே உலர்ந்திருக்கும், தண்ணீர் தெளித்தாலும் துடைத்துவிடலாம். சரும நிறம் லேப்புக்கு வெகு அருகில் வரும். பெரும்பாலான கடைகளில் இருப்பவை 6 அங்குல அகல இயந்திரங்கள் என்பதால், 4×6 அல்லது 6×8 தாண்டி எதிர்பார்க்க முடியாது. அவசரத்துக்கு நல்லது.

கொடுத்துவிட்டு வரும் படத்துக்கு வரும்போது கணக்கு மாறுகிறது. லேப் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதன் பின்புறத்தில் நடிகரைப் பற்றிய விவரம் இருக்காது. விவரம் இல்லாத முகம் இழுப்பறையில் போன பிறகு யாருடையது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே இங்கே டிஜிட்டல் பிரஸ்ஸில் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள வழவழப்பான ஆர்ட் கார்டில் இருபுறமும் அச்சிடும் அட்டையே பொருத்தமானது. முன்புறம் முகம், பின்புறம் முழு உருவம் ஒன்று, பெயர், வயது வரம்பு, உயரம், சரளமாகப் பேசும் மொழிகள், வண்டி ஓட்டத் தெரியுமா, சிலம்பம் தெரியுமா, தொலைபேசி எண். எழுத்துகள் இந்த முறையில் கூர்மையாக விழும். ஒரு 13×19 தாளில் 5×7 அட்டை நான்கு அடங்குவதால், எண்ணிக்கை கூடக்கூட ஒன்றின் விலை இறங்கிவிடும்.

சருமம்தான் இதில் தொல்லை. நான்கு நிறப் புள்ளிகளின் பின்னலால் படம் உருவாகிறது. கண்ணருகே கொண்டுபோனால் தெரியும். கோப்பை அச்சு நிறத்துக்கு மாற்றும் மென்பொருள், அடர்ந்த நிறங்களை வண்ண மைகளுக்குப் பதிலாகக் கறுப்பு மையால் உண்டாக்க முனையும். வெளிறிய சருமத்தில் அதனால் பெரிய பாதிப்பு இல்லை. நம் ஊர்க் கறுப்பில், கன்னத்தின் கீழ்ப்பாதியும் கழுத்தும் சாம்பல் பூத்ததுபோல் செத்துப்போகும். எச்பி இண்டிகோ இயந்திரத்தில் திரவ மை என்பதால் பூச்சு மெல்லியதாக விழுந்து இந்தக் குறை சற்றுக் குறைவாக இருக்கும். உலர்தூள் டோனர் இயந்திரத்தில் எடுத்தால் முகத்தின் நிழல்களில் ஒரு மெழுகுப் பளபளப்பும் சேர்ந்துகொள்ளும். இரண்டும் கிடைக்கும் ஊரில் நான் இண்டிகோவைக் கேட்பேன். எதுவாயினும், நூறு அட்டை ஓட்டுவதற்கு முன் அதே ஆர்ட் கார்டில் ஒரே ஒரு அட்டையை எடுத்துத் தரச் சொல்லி வாங்கிப் பார்ப்பது கட்டாயம். தர மறுக்கும் கடையில் வேலையைக் கொடுக்காமல் திரும்பிவிடலாம்.

தாளின் மேற்பரப்பைப் பற்றி லேப்பில் கேட்கும் கேள்வி "மேட்டா, கிளாஸியா" என்பதோடு நின்றுவிடும். கிளாஸியில் கறுப்பு ஆழமாக இருக்கும், கண்ணின் ஒளிப்புள்ளி துல்லியமாகத் தெரியும். ஆனால் படக் கம்பெனி அலுவலகங்களின் வெளிச்சத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்: தலைக்கு மேலே டியூப்லைட், அதற்கு நேர்கீழே மேசை. கிளாஸி படத்தை மேசையில் வைத்தால் நெற்றிக்குக் குறுக்கே அந்த விளக்கு விபூதிப் பட்டைபோல் ஒரு வெள்ளைக் கோடாக விழும். பார்ப்பவர் படத்தைத் தூக்கிச் சாய்க்க வேண்டியிருக்கும். போதாததற்கு விரல்ரேகை பதியும், சென்னையின் புழுக்கத்தில் ஆல்பத்தின் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு, உரித்தால் படலத்தோடு வரும். முழு மேட் தாளில் இந்தத் தொந்தரவுகள் இல்லை; ஆனால் கறுப்பு ஆழம் இழந்து கரும்பலகை நிறமாகிவிடுவதால், கறுத்த முகமும் கறுத்த தலைமுடியும் ஒன்றுக்குள் ஒன்று கரையும். நடுவில் இருப்பது சில்க் அல்லது லஸ்டர் எனப்படும் நுண்சொரசொரப்பு. என் ஓட்டு அதற்கே. சில கடைகளில் மேட் என்று சொல்வதே லஸ்டரைத்தான் என்பதால், பெயரை நம்பாமல் மாதிரித் துண்டை வாங்கி விளக்கடியில் சாய்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு மேலே லேமினேஷன் எதுவும் வேண்டாம். கல்யாண ஆல்பத்துக்குப் போடும் மினுமினுப்புப் படலத்தை "சேர்த்துப் போட்டுடலாம் சார், ரிச்சா இருக்கும்" என்று அன்போடு வற்புறுத்துவார்கள். அதே அன்போடு மறுத்துவிட வேண்டும்.

அளவில் ஒரு குழப்பம் இணையத்தின் வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் ஹெட்ஷாட் என்றால் 8×10 அங்குலம். அனுபவக் குறிப்பை அதே அளவுக்கு நறுக்கிப் படத்தின் முதுகில் ஸ்டேப்ளர் அடித்துக் கொடுப்பது அங்கே வழக்கம். இங்கே அப்படி ஒரு வரையறை இல்லை. கேமராவின் சட்டகம் பெரும்பாலும் 2:3 என்ற விகிதத்தில் இருப்பதால் 8×12-இல் எதுவும் வெட்டுப்படாது. 8×10 என்று சொன்னால் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும், எங்கே வெட்டுவது என்று யாரும் குறிக்காவிட்டால் இயந்திரம் மேலும் கீழும் சமமாக வெட்டி, உச்சந்தலையை எடுத்துவிடும். 8×10 வேண்டுமென்றால் படம் எடுத்தவரிடமே க்ராப் செய்து வாங்கிக்கொண்டு போவது நல்லது. நானோ 8×12 போதும் என்பேன். நம் லேப்களுக்குப் பழகிய அளவு, ஆல்பமும் எளிதாகக் கிடைக்கும்.

அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் 8×12 படத்துக்கு 2400×3600 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவின் கோப்பில் இது தாராளமாக இருக்கிறது. சிக்கல், அந்தக் கோப்பு வாட்ஸ்அப் வழியாக லேப்புக்குப் போகும்போது வருகிறது. சாதாரணமாக அனுப்பும் படத்தை வாட்ஸ்அப் நீளப்பக்கத்தில் சுமார் 1600 பிக்சலாகச் சுருக்கிவிடும். அதை 12 அங்குலத்துக்கு நீட்டினால் அங்குலத்துக்கு 133 பிக்சல்தான் மிஞ்சும், இமைமயிர் எல்லாம் மைதீட்டிய ஒரே கோடாகத் தெரியும். 2023-இல் வந்த எச்டி தெரிவும் மூலக் கோப்பை அப்படியே அனுப்புவதில்லை. டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும், அல்லது பென் டிரைவில் கொண்டுபோக வேண்டும்.

மூன்றாவதாகச் சொன்ன அலுவலகப் பிரிண்டர் விஷயத்தில் நடிகர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். கறுப்புப் பின்னணியில் எடுத்த படத்தை அங்கே அனுப்பாமல் இருக்கலாம். வெறும் தாள் மையைக் குடித்துப் பரவவிடும் என்பதால், தலைமுடிக்கும் பின்னணிக்கும் இடையே இருந்த எல்லை அழிந்து, பலகையில் ஒரு முகமூடி மட்டும் தொங்கும். வெளிர்ச் சாம்பல் பின்னணியில் எடுத்தது எந்தப் பிரிண்டரிலும் பிழைத்துக்கொள்ளும்.

ஆக, புதிதாகத் தொடங்கும் ஒருவர் என்னிடம் கேட்டால் நான் சொல்வது இது: இரண்டு அல்லது மூன்று படங்களைத் தேர்ந்தெடுத்து, லேப்பில் லஸ்டர் தாளில் 8×12 அளவில் இரண்டிரண்டு பிரதி, அவற்றில் ஒன்றை வைத்து 5×7 அட்டை ஐம்பது. ஐந்நூறு அடித்தால் மலிவு என்று பிரஸ்காரர் சொல்வார், ஆனால் தாடி வைத்தாலோ ஐந்து கிலோ இளைத்தாலோ மிச்சம் முழுவதும் குப்பை. பெரிய அளவில் எடுப்பதற்கு முன் அதே லேப்பில், அதே தாளில், ஒரு டீ செலவில் ஒரு 4×6 எடுத்து, வீட்டுக் கண்ணாடியின்முன் அதைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும். பகலில் சன்னலோரத்தில் ஒரு முறை, இரவில் டியூப்லைட்டில் ஒரு முறை. இரண்டிலும் படமும் கன்னமும் ஒரே ஆளுடையதாகத் தெரிந்தால் அந்த லேப்பை விட்டுவிடக் கூடாது.

லேப் படத்தையே கொடுத்துவிட்டு வர நேர்ந்தால், அதன் முதுகில் பால்பாயின்ட் பேனாவால் எண்ணை எழுதக் கூடாது. அந்தத் தாளின் இருபுறமும் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் மை பிடிக்காது. அழுத்தி எழுதினால், முன்புறம் கன்னத்தின் குறுக்கே பத்து இலக்கமும் புடைத்துக்கொண்டு நிற்கும். மார்க்கரில் எழுதி, அது காய்வதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டால், அடியில் இருக்கும் படத்தின் நெற்றியில் அந்த எண் கண்ணாடி எழுத்தில் ஒட்டிக்கொள்ளும். பெயர், எண், படம் எடுத்த மாதம், ஆண்டு ஆகியவற்றை அச்சிட்ட சிறு ஸ்டிக்கர் ஒன்றைப் பின்னால் ஒட்டிக் கொடுப்பதே பாதுகாப்பானது.